சிறை: தண்டனையா, தண்டிக்கும் இடமா

சிறைத்தண்டனை என்பது ஒருவரின் நடமாட்ட உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பறிப்பதோடு முடிகிறதா, உள்ளே போனபின் படும் துன்பங்களும் அதில் சேர்த்தியா என்பது தண்டனையியலின் நெடுநாள் விவாதம். அடைபடுவதே தண்டனை, அதற்குமேல் வதைக்கக் கூடாது என்ற கருத்தைப் பரப்பியவர் 1922-இல் இங்கிலாந்தின் சிறை ஆணையர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் பேட்டர்சன். அமெரிக்கச் சட்டம் இதை முழுதாக ஏற்றதில்லை.

நியூ ஜெர்சியின் ட்ரென்டனில் 1836-இல் திறந்த சிறையை ஜான் ஹேவிலண்ட் வடிவமைத்தார். கைதி பிறர் முகம் பாராமல் தனியறையில் இருந்து மனந்திருந்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஹேவிலண்டே பிலடெல்பியாவில் கட்டிய இதே வகைச் சிறையைக் கண்ட சார்லஸ் டிக்கன்ஸ், இந்தத் தனிமை உடல்வதையினும் கொடியது என்று 1842-இல் எழுதினார். தொடர்ந்து 20 நாளுக்குமேல் தனிமையில் வைக்கத் தடை விதிக்கும் சட்டம் நியூ ஜெர்சியில் 2019-இல்தான் வந்தது.

தண்டனைக்கும் வதைக்கும் இடையிலான எல்லைக்கோட்டை வரைந்தவை பெரும்பாலும் டெக்சஸ் கைதிகளின் வழக்குகள். 1973-இல் சிறை வேலையின்போது பருத்திப் பொதி விழுந்து காயம்பட்ட கேம்பிள் என்பவர் கைப்பட ஒரு மனு எழுதினார். கடும் நோயுற்ற கைதியைத் தெரிந்தே கவனியாமல் விடுவது அரசியலமைப்பின் 8-ஆம் திருத்தம் தடுக்கும் கொடுந்தண்டனை என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவர்கள் அவரைப் பலமுறை பார்த்திருந்ததால், சிறையின் மருத்துவ அதிகாரிமீது அவர் சொன்ன புகார் மட்டும் நிற்கவில்லை. டேவிட் ரூயிஸ் 1972-இல் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் 1980-இல் மாநிலச் சிறைமுறை முழுவதையும் கண்டித்தார். நெரிசலோடு, கைதிகளையே கைதிகளுக்குக் காவல் வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. இந்தியச் சிறைகளின் கன்விக்ட் வார்டர் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் 1981-இல் ஒஹாயோ வழக்கொன்றில், சிறையின் கடுமையும் குற்றத்துக்குக் கொடுக்கும் விலையின் ஒரு பகுதியே என்றது உச்ச நீதிமன்றம். சக கைதியிடம் அடிபடுவது அந்த விலையில் சேராது என்று 1994-இல் விளக்கியது. இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. டெக்சஸ் கோடை வெக்கை அங்கேதான் நிற்கிறது. விசாரணைக் கைதிகள் இருக்கும் கவுண்டி சிறைகளில் வெப்பம் 85 பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்று மாநில விதி உண்டு. தண்டனை பெற்றவர்களின் மாநிலச் சிறைகளுக்கு அந்த விதி இல்லை, பெரும்பாலானவற்றில் முழு ஏசி வசதியும் இல்லை. இந்நிலை அரசியலமைப்புக்கு முரண் என்று 2025 மார்ச்சில் கூறிய நீதிபதி ராபர்ட் பிட்மன், உடனே ஏசி பொருத்தும்படி உத்தரவிடவில்லை.

கலிபோர்னியா தன் நோக்கத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. சிறையின் நோக்கம் தண்டிப்பதே என்று 1976-இல் அறிவித்த சட்டம், 2016-இல் திருத்தப்பட்டு மறுவாழ்வையும் சேர்த்துக்கொண்டது. இடையில், 2011-இல், கட்டப்பட்ட அளவைப்போல ஏறத்தாழ இருமடங்கு கைதிகளை அடைத்திருந்த அந்த மாநிலத்தை எண்ணிக்கையைக் குறைக்கும்படி உச்ச நீதிமன்றம் பணித்தது. அங்குள்ள சான் குவென்டின் சிறை 2023-இல் 'மறுவாழ்வு மையம்' எனப் பெயர் மாறியது. நார்வேச் சிறைகள் அதற்கு முன்மாதிரி. ஆனாலும் சிறையில் கட்டாய உழைப்பை நீக்கும் முன்மொழிவை 2024 நவம்பரில் அதே மாநில வாக்காளர்கள் நிராகரித்தனர்.