ஓரியின் பரிசிலும் உத்தரவாதச் சீட்டும்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் வல்வில் ஓரியின் அம்பிலிருந்தே தொடங்குவர். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஓரம்பு துளைத்துச் சென்ற செய்தி, வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில் உள்ளது. எனக்கோ அப்பாட்டில் அம்பைவிட அடுத்து வரும் காட்சியே பெரிது. வேட்டுவனைக் கண்ட இசைவாணர் தம் சுற்றத்தாரைப் பாட ஆயத்தமாகச் சொல்கின்றனர். முழவுக்கு மண் பூச வேண்டும். யாழைப் பண்ணுக்கேற்ப நிறுத்த வேண்டும். மலையேறி வந்த கருவி அப்படியே இசைக்காது என்பதை அவர்கள் அறிவர்.

இறைச்சி, தேறல், பொன், மணி என ஓரி வாரி வழங்கினான். 153ஆம் பாட்டோ, பரிசில் பெற்றோர் பசியொழிந்து ஆடலையும் பாடலையும் மறந்துபோயினர் என்கிறது. இத்தனை கொடையிலும் கருவியைச் செப்பனிடுவோர் பற்றிய பேச்சில்லை. அதற்குத் தேவை இருந்திருக்காது என்றே நான் எண்ணுகிறேன். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். குழலூதிச் சலித்தவன் குமிழின் உட்டுளையுள்ள கிளையை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைக்கிறான். செய்தவன் கையும் மீட்டுபவன் கையும் ஒன்றே. பழுது நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்ற வினாவே அங்கு எழாது.

செய்பவரும் மீட்டுபவரும் வேறானபின் அவ்வினா எழுந்தது. அதற்கு இலக்கியச் சான்று வேண்டுவோர் சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் படிக்கலாம். (உ.வே.சா. 1887இல் அந்நூலைப் பதிப்பித்திராவிடில் நாம் இதை அறிந்திருப்போமோ என்னவோ.) யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகனிடம் யாழ்களை நீட்டுகின்றனர். அவன் ஒவ்வொன்றாக மறுக்கிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று அழுகியது, ஒன்று வெந்தது, ஒன்று இடியுண்டது. நரம்பிலே மயிர் இருப்பதைப் பிரித்தும் காட்டுகிறான். தும்பு, மயிர், கொடும்புரி, முறுக்கு என நரம்புக் குற்றங்களை உரையாசிரியர்கள் பெயரிட்டே வகுத்துள்ளனர். இன்றைய கிதார் நிறுவனங்களின் வாரண்டிச் சீட்டுகளில் தவறாது காணப்படும் தொடர் 'மூலப்பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைகள்' என்பது. அழுகிய மரம் மூலப்பொருட் குறை, நரம்பில் சிக்கிய மயிர் வேலைப்பாட்டுக் குறை. சீவகன் இரண்டையும் வாங்குமுன்னரே கண்டான்.

எல்லோரும் சீவகராக முடியுமா? நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் எதிர்பார்த்தது. வாங்குபவர் பொருளை ஆராய்ந்து பார்த்திருந்தால், அந்த ஆராய்ச்சியில் தென்பட்டிருக்க வேண்டிய குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அழுகிய மரத்தை மெருகெண்ணெய்க்கு அடியில் காணும் கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அத்தகைய கண் இல்லாதவருக்காக, ஐரோப்பாவில் நெடுங்காலம் தொழிற்குழுக்களே பிணையாக நின்றன. யார் எக்கருவியைச் செய்யலாம் என்பதைக் குழு வரையறுக்கும். அதிலும் பூசல் இல்லாமலில்லை. செருமனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஷன் என்னும் ஊரில், கிதார் செய்யும் உரிமை தமக்கே உண்டென வயலின் செய்வோர் குழுவினர் வாதிட்டனர். பேழை செய்யும் தச்சர்களுக்கு இசைக்கருவியில் என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. 1826இல் இவ்வழக்கு மூண்டது. தச்சர்கள் தம் உரிமையைக் காத்துக்கொண்டனர். ஆயினும் குழுக்கட்டுப்பாட்டில் வாழ விரும்பாத தச்சர் மகன் ஒருவர் 1833இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். அவர்தான் சி. எஃப். மார்ட்டின். பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத்தில் நிலைபெற்ற அவரது நிறுவனம் இன்றும் கிதார் செய்கிறது.

கடல் கடந்த கிதாருக்குப் பின்னே குழுவின் பிணை வரவில்லை. அவ்விடத்தை மெல்ல நிரப்பியது அச்சிட்ட சீட்டு. சீட்டில் பெரிய எழுத்தில் வாக்குறுதியும் சிறிய எழுத்தில் விலக்குகளும் மலிந்தபின், அமெரிக்கா 1975இல் மாக்னுசன்-மாஸ் சட்டத்தை இயற்றியது. எழுத்து வடிவில் தரும் உத்தரவாதம் முழுமையானதா வரையறைக்குட்பட்டதா என்பதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்றது அச்சட்டம். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற தொடருக்கு முன்னே 'வரையறைக்குட்பட்ட' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டிருப்பதன் வரலாறு இதுதான். நம் கடைத்தெருவில் இதற்கு வேறோர் இலக்கணம் உண்டு: கேரண்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் சரிசெய்து தருவார்கள். அகராதி இதை ஏற்காது. கடைக்காரர் ஏற்பார்.

அவ்வரையறைகள் எவை? உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே, கைமாறினால் போயிற்று. நரம்பும் மெட்டும் தேய்ந்தால் பொறுப்பில்லை. வெயிலாலும் ஈரத்தாலும் வரும் வெடிப்புக்கும் வளைவுக்கும் பொறுப்பில்லை. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது நிறுவனங்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை.

இந்த மூன்றாவது விலக்கைக் கொல்லிமலையில் வைத்துப் பாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் ஊர்கள் அவை. கீழே நாமக்கல்லின் சித்திரை வெயிலை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். என் மாணவர் ஒருவர் செம்மேட்டுப் பக்கத்தவர். விடுதியில் தங்கிப் படித்தவர். விடுமுறைதோறும் கிதாரோடு மலையேறி இறங்குவார். எஃகு நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுக்க, ஒரு கோடையில் அதன் குதிரை பலகையை விட்டுப் பெயர்ந்தது. வாங்கி ஓராண்டு நிறையவில்லை. விற்ற கடை நிறுவனத்தைக் காட்டியது; நிறுவனம் தட்பவெப்பத்தைக் காட்டியது. ஒட்டியதில் குறையா, வானிலையில் குறையா? கருவியை நேரில் பார்த்தவர் எவரும் இதற்கு விடை சொல்லவில்லை. பார்க்காதவர்கள் கடிதம் எழுதினார்கள். எனக்குச் சினம் வந்தது அவ்விடத்தில்தான்.

இந்நிலையில் சட்டம் சற்று மாறியிருக்கிறது என்பதை இளைஞர்கள் அறியவேண்டும். 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி முறையிடுபவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். நிறுவனம் எந்த நாட்டுப் பெயரைத் தாங்கியிருந்தாலும் கொல்லிமலைக்காரருக்கு நாமக்கல் மாவட்ட ஆணையம் போதும். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. இரண்டாண்டுக்குள் செல்லவேண்டும், பற்றுச்சீட்டும் கடிதங்களும் கையில் இருக்கவேண்டும்.

நிற்க. தஞ்சாவூர் வீணையைச் செய்தோர் இச்சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தனர். பலாமரத்தில் குடைந்த அவ்வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுக் கலவையில் பதிக்கப்படுபவை. மெழுகு இளகும், மெட்டு நகரும், சுருதி பிறழும். சில ஆண்டுகளுக்கொரு முறை மெழுகை நீக்கி மீண்டும் மெட்டுக் கட்டியாகவேண்டும். வீணை தன்னைச் செய்தவரிடம், அல்லது அவர் வழிவந்தவரிடம், திரும்பப் போகும் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. கிதார்ச் சீட்டு விலக்கிவைக்கும் தேய்மானத்தை வீணையின் ஆசாரி தம் பிழைப்பாகவே ஏற்றார். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். மெட்டுக் கட்டத் தெரிந்த கைகளின் எண்ணிக்கையை அது கூட்டுமா என்பது தனிக்கேள்வி.

கைகள் அற்றுப்போனால் என்ன நேரும் என்பதற்கு யாழே சான்று. சங்கப் பாட்டில் இத்தனை நுணுக்கமாகப் பேசப்பட்ட கருவி, செய்வோரும் செப்பனிடுவோரும் இன்றி வழக்கொழிந்தது. ஈழத்து விபுலாநந்த அடிகள் பழம்பாட்டையும் உரையையும் சிலம்பின் இசைக்குறிப்பையும் கொண்டு, கணக்கிட்டுக் கணக்கிட்டு, அதன் வடிவை மீட்கப் பல்லாண்டு உழைத்தார். அவரது 'யாழ் நூல்' 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அண்மைக் காலத்தில் தருண் சேகர் சென்னையில் யாழ் செய்திருக்கிறார். அதன் ஆணி கழன்றால் கொண்டுபோய்க் காட்ட ஒரு பட்டறை இருக்கிறது. அடிகள் நூலெழுதியபோது அப்படியோர் இடம் இல்லை.