காலில் பொறித்த சாசனம்

கல்வெட்டும் செப்பேடும் பயிலும் மாணவர் முதலில் கேட்கக் கற்கும் வினா, இதனைப் பொறித்தவர் யார், படிக்க வேண்டியவர் யார் என்பதாகும். அவ்வினாவை உலகின் மிகச் சிறிய சாசனங்களுள் ஒன்றின்மேல் வைத்துப் பார்க்க விழைகின்றேன். அது பாடும் பறவையின் காலைச் சுற்றி இடப்படும் அலுமினிய வளையம். அதில் ஓர் எண்ணும் ஒரு முகவரியும் இருக்கும், வேறொன்றுக்கும் இடமில்லை.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மறையும் சிறு பறவைகள் இளவேனில் தொடங்கியதும் மீண்டும் தோன்றும். இடைப்பட்ட திங்கள்களில் அவை எங்கே இருந்தன? சில பறவைகள் பொந்துகளில் ஒடுங்கும் என்றும், ஒருவகைப் பறவை மற்றொரு வகையாக மாறும் என்றும் அரிஸ்டாட்டில் எழுதினார். மீனவர் வலையில் தகைவிலான் குருவிகள் கொத்தாக நீரிலிருந்து வெளிவரும் என்று சுவீடனைச் சேர்ந்த சமய அறிஞர் ஒலாவுஸ் மாக்னுஸ் 1555இல் அச்சிட்டார். இவற்றைக் கேட்டு நாம் நகைப்பது எளிது. ஆயின், தனியொரு பறவையை அடையாளம் காண வழியில்லாத காலத்தில் அவர்களை மறுக்க எவரிடமும் சான்று இருந்ததில்லை.

வட கடலில் ஹெலிகோலாந்து என்றொரு சிறு தீவு உண்டு. 1837இல் அங்கு வந்த ஓவியர் ஹைன்றிக் கேட்கே, தம் வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கி, வந்து செல்லும் பறவைகளைக் குறித்து வைத்தார். மார்ச்சுத் திங்கள் இரவுகளில் கலங்கரை விளக்கின் ஒளியைச் சுற்றிப் பூங்குருவிகளும் வானம்பாடிகளும் மொய்ப்பதை அவரைப்போல் கண்டவர் அரியர். ஆயினும், 1891இல் வெளிவந்த அவரது நூலில் ஒரு விந்தையான கூற்று உள்ளது. கழுத்தில் நீல நிறம் கொண்ட சிறு பாடும் பறவையொன்று ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே இரவில் ஹெலிகோலாந்தை அடைகின்றது என்பதே அது. இடைவழியில் அப்பறவையை மிகுதியாகக் கண்டவர் இல்லை என்பதால், அது எங்கும் இறங்கவில்லை என அவர் முடிவு கட்டிவிட்டார். அவருடைய கண் கூர்மையானது. அவரிடம் எண் இல்லை, அவ்வளவே.

அந்த எண்ணைத் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது இவ்வவைக்கு உவப்பளிக்கும் செய்தி. டென்மார்க்கின் வீபோர்க் நகரில் கற்பித்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் 1890இல் துத்தநாக வளையங்களை இட்டுப் பார்த்தார்; அவை பறவைக்குப் பாரமாயின. அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886இல் கண்டறியப்பட்டிருந்தது. அதன் பயனாக, 1899இல் மைனா இனத்தைச் சேர்ந்த 165 ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்த அலுமினிய வளையங்களை அவர் இட்டார். வரலாறு பெரும்பாலும் கருத்தைப் போற்றுகின்றது. என் எண்ணத்தில் இங்கே உலோகத்தின் விலைக்கும் பாதிப் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் ஹாரி விதர்பி 1909இல் தம் பறவையியல் இதழின் வாயிலாக இப்பணியைத் தொடங்கினார். 1911 மே திங்களில் ஸ்டாஃபர்ட்ஷயரில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பர் 23ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிப் பண்ணையொன்றில் பிடிபட்டது. வளையத்தில் விதர்பியின் பெயரும் இலண்டன் முகவரியும் இருந்தன. அச்செய்தியை அறிவித்து அங்கிருந்து ஒருவர் மடல் எழுதினார். நூற்றாண்டுகளாக நீடித்த ஊகம் அம்மடலால் உடைந்தது. அவர் ஆங்கிலம் அறியாதவராக இருந்திருப்பின்? மொழியியலாளனாகிய என்னை உறுத்தும் இடம் இதுவே. பறவை எத்தனையோ எழுத்துமுறைகளின்மேல் பறந்து செல்கின்றது. வளையமோ ஓர் எழுத்துமுறையில்தான் பேசுகின்றது. பின்னாளில் பிரித்தானிய வளையங்களில் 'இன்ஃபார்ம்' என்னும் சொல் இடம்பெற்றது. பிரெஞ்சு, எசுப்பானியம் முதலிய மொழிகளைப் பேசுவோரும் ஊகித்து அறியத்தக்க சொல் அது. அரபு மட்டுமோ சீனம் மட்டுமோ படிப்பவரின் கையில் கிடைத்த எத்தனை வளையங்கள் வாய் பேசாமல் போயிருக்கும்!

பிடிக்கும் கருவிகளின் வரலாறும் சுவையானது. மரங்கள் அரிதான ஹெலிகோலாந்தில் தீவினர் செடிகொடிகளை நட்டு வலை கட்டிப் பூங்குருவிகளைப் பிடித்து உண்டு வந்தனர். 1910இல் அங்கு பறவை நிலையம் அமைத்த ஹூகோ வைகோல்ட் அக்கண்ணியையே பெரிதாக்கிப் புனல் வடிவக் கூண்டாக மாற்றினார். சப்பானியரின் 'கசுமி அமி'யும் உணவுக்காகப் பறவை பிடித்த வலையே. 'கசுமி' என்பது மூடுபனி. அப்பெயரை மொழிபெயர்த்தே ஆங்கிலத்தில் 'மிஸ்ட் நெட்' என்றனர். கண்ணுக்குப் புலப்படாத அவ்வலையில் விழும் பறவையை மெல்ல விடுவித்து, வளையமிட்டு, இறகின் நீளம் அளப்பர். நெஞ்சின் இறகுகளை வாயால் ஊதி விலக்கித் தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்பையும் மதிப்பிடுவர். அக்கொழுப்பே நெடுவழிக்கான கட்டுச்சோறு.

1947 ஏப்ரல் 18ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை ஹெலிகோலாந்தில் எஞ்சியிருந்த வெடிபொருள்களை ஒருசேர வெடிக்கச் செய்தது. தீவின் ஒரு பகுதியே தகர்ந்தது. பறவை நிலையம் 1953இல்தான் அங்கு மீண்டும் இயங்கத் தொடங்கியது.

நம் பகுதிக்கும் இதில் பங்குண்டு. எலியட் மெக்லூர் தலைமையில் 1963 முதல் 1971 வரை ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் இடப்பட்டது. பறவைகள் சுமந்து வரும் நோய்களை அறிவதே அதன் முதல் நோக்கம். வலசை பற்றிய அறிவு உடன் விளைந்தது. மலேசியாவின் பிரேசர் மலையில் பனிமூட்ட இரவுகளில் விளக்கொளிக்கு வந்த பறவைகளும் அக்காலத்தில் ஆராயப்பட்டன.

வளையமிடுதலை ஆங்கிலேயர் 'ரிங்கிங்' என்பர். அமெரிக்கர் 'பேண்டிங்' என்பர். தமிழில் 'கழல்' என்று சொல்லலாமே என மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. அழகிய சொல்தான். எனினும் கழல் வீரனின் புகழைச் சொல்ல அணிவது. இதில் புகழுரை ஏதுமில்லை, முகவரி மட்டுமே உள்ளது. 'வளையம்' போதும். பறவைக்கோ நாம் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. தகைவு என்பதற்குத் தடை என்றும் களைப்பு என்றும் பொருளுண்டு. அவ்விரண்டும் இல்லாதது தகைவிலான் எனப் பொருள்கொள்ள இடமுண்டு. மலேசியச் சிற்றூர்களின் மின்கம்பிகளில் அந்தி தோறும் வரிசையாக அமர்ந்து, வடக்கே பனி உருகும் பருவத்தில் காலியாகிவிடும் குருவிகள் அவையே.