கொதிநீர்க் குழாயின் ஹோஸ் கசிகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன்: சிங்க் மேல் ஒரு சிறு குழாய், கீழே அலமாரிக்குள் மின்சாரத்தில் சூடேறும் ஒரு தொட்டி. கைப்பிடியைத் திருப்பினால் மைலோவுக்கும் தேநீருக்கும் உடனே கொதிநீர் கிடைக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி பெத்தேரி 1970ஆம் ஆண்டு யூனிலிவர் நிறுவனத்தில் பணியாற்றியபோது, உடனடி சூப் தயாரிப்பை ஒட்டி இந்த யோசனையைக் கண்டார். அடுப்பில் கேத்தல் வைத்துப் பழகிய நம் வீடுகளுக்கும் இது மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது.

இதன் சிக்கலும் அலமாரிக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஹோஸ் கசிந்தால் உடனே கண்ணில் படாது. அடிப்பலகை ஊதிய பிறகு தெரியும். அடுக்குமாடியாக இருந்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகு தெரியும்.

கசிவா, சொட்டா?

தமிழில் கசிவு, சொட்டு, ஒழுக்கு என்று தனித்தனிச் சொற்கள் இருப்பது இங்கே பயன்படுகிறது. பிளம்பரிடம் "தண்ணீர் வருகிறது" என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எப்போது வருகிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தத் தொட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாய் திறந்த வகை. இதில் குளிர்ந்த நீர் முதலில் குழாயின் வால்வுக்கு ஏறி, அங்கிருந்து தொட்டிக்கு இறங்குகிறது; அது தள்ளும் கொதிநீர் வெளியே வருகிறது. தண்ணீர் சூடேறும்போது விரியும். அதனால் குழாயை மூடியிருந்தாலும் நுனியில் சில சொட்டுகள் விழும். இது பழுது அல்ல. இதை நிறுத்த நினைத்து நுனியில் அடைப்பானோ வேறு குழாயோ மாட்டவே கூடாது. விரியும் நீருக்கு வேறு வழியில்லாமல் தொட்டி வெடிக்கக்கூடும்.

இன்னொன்று, அழுத்தத்தில் இயங்கும் மூடிய வகை. உள்ளே நீர் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும். இதன் பாதுகாப்பு வால்விலிருந்து கழிவுக் குழாய்க்குச் சிறிதளவு நீர் போவது இயல்பு. ஆனால் கொதிநீர் செல்லும் ஹோஸில் கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பரை அழையுங்கள். அதைக் கழற்றிப் பார்ப்பது வீட்டு வேலை அல்ல.

வாய் திறந்த வகையில் கண்டுபிடிக்கும் வழி எளிது. குழாய் மூடியிருக்கும்போதும் அலமாரிக்குள் ஈரம் வந்துகொண்டே இருந்தால், சுவர் வால்விலிருந்து மேலேறும் குளிர்நீர் ஹோஸைச் சந்தேகிக்கலாம். குழாயைத் திறந்தால் மட்டும் ஈரமானால், தொட்டிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள ஹோஸ்களைப் பாருங்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ சுற்றி வையுங்கள். மேலே கசியும் நீர் ஹோஸ் வழியாக வழிந்து தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாந்து நல்ல நட்டை இறுக்குபவர்கள் அதிகம்.

ஏன் பழுதாகிறது?

நம் வீடுகளில் பெரும்பாலும் மற்றக் குழாய்கள் கூரைத் தொட்டியிலிருந்து நீர் பெறும். தரை வீடுகளின் சமையலறைக் குழாய் மட்டும் நேராகச் சாலைக் குழாயிலிருந்து பெறும். நள்ளிரவில் ஊரே குழாயை மூடியிருக்கும்போது அந்த அழுத்தம் கூடும். நீர் விநியோகம் நின்று திரும்பும்போதும் காற்றும் கலங்கலும் சேர்ந்து ஹோஸ்களை உலுக்கும். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10 முதல் பினாங்கில் சில நாள் நீர் நிறுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாள்களில் சுவர் வால்வை மூடி வைத்து, நீர் தெளிந்த பிறகு மெதுவாகத் திறப்பது நல்லது.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: சிங்க் அடியில் வைக்கும் குளோரின் வெளுப்பான். மூடி சரியாக இல்லாத போத்தலிலிருந்து வரும் ஆவி, ஹோஸைச் சுற்றியுள்ள எவர்சில்வர் பின்னலை அரித்துவிடும். கடற்கரைப் பக்கமுள்ள வீடுகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பின்னலில் துருப்புள்ளியோ அறுந்த கம்பியோ தெரிந்தால் கசிவுக்காகக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். டேப் சுற்றியோ பசை தடவியோ ஒட்டுப்போடுவது சில நாளைக்குத்தான்.

மாற்றும் முறை

முதலில் மின்சாரம். பிளக் அருகே ஈரம் இருந்தால் அதைத் தொடாமல் மின்பெட்டியில் சுவிட்சை அணைத்து, வயர்மேனை அழையுங்கள். ஈரமில்லை என்றால் சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றி, குளிர்ந்த நீர் வரும்வரை குழாயைத் திறந்துவிடுங்கள். பிறகுதான் சுவர் வால்வை மூட வேண்டும். வரிசை மாறினால் தொட்டியில் கொதிநீர் அப்படியே இருக்கும்; ஹோஸைக் கழற்றும் கையில்தான் அது கொட்டும்.

கழற்றிய ஹோஸைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோங்கள். சுவர் வால்வுப் பக்கம் பெரும்பாலும் அரை அங்குல மரை. கருவிப் பக்கம் வேறு அளவாக இருக்கலாம். குளிர்நீர் ஹோஸ் விலை அதிகமில்லை. அதன் நட்டுக்குள் தட்டையான ரப்பர் வாஷர் இருந்தால் வெள்ளை டேப் வேண்டாம். நீரை அடைப்பது வாஷர்தான். கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று திருப்பினால் போதும். கூடுதலாக இறுக்கினால் வாஷர் நசுங்கி மறுபடியும் கசியும். இறுக்கும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொதிநீர் ஹோஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது கொதிநிலையைத் தாங்கும் சிலிக்கோன் குழாய். கடையில் கிடைக்கும் பிவிசி குழாயோ சாதாரணப் பின்னல் ஹோஸோ அந்தச் சூட்டில் இளகிவிடும். அதே மாடலுக்குரியதை நிறுவனத்திடமே வாங்க வேண்டும்.

கீழ்வீட்டுக் கூரை நனைந்தால்

2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி, மாடிகளுக்கு இடையிலான கசிவில் வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை பழுது மேல்வீட்டில் இருப்பதாகவே கருதப்படும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் சோதனை செய்ய வேண்டும். காரணம் உங்கள் வீடு என்று சான்றளிக்கப்பட்டால், பழுதுபார்க்க உங்களுக்கும் 7 நாள்தான். வாடகைக்கு இருப்பவர்கள் ஈரத்தைக் கண்டதுமே படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைப்பது பிற்பாடு வாக்குவாதத்தைத் தவிர்க்கும். நிர்வாகம் அசையாவிட்டால் பினாங்கு மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையர் பிரிவை நாடலாம். தரை வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் மீட்டரைத் தாண்டிய கசிவுக்குக் கட்டணம் அவர்களுடையதே.

வேலை முடிந்ததும் வால்வை மெதுவாகத் திறந்து, குழாயிலிருந்து காற்றில்லாமல் சீராக நீர் வரும்வரை விடுங்கள். தொட்டி நிரம்பாமல் மின்சாரம் கொடுத்தால் சூடேற்றும் கம்பி கருகிவிடும். டிஷ்யூவை அன்றிரவு இணைப்புகளிலேயே விட்டு வையுங்கள். படுக்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் மூடி மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் முதல் குழாயைத் திறக்கும் முன் மறுபடியும் பாருங்கள்.