ஹீத்கிட் செய்முறைக் கையேடுகள்

ஹீத்கிட் கையேடு என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் நகரில் இயங்கிய ஹீத் நிறுவனம் தன் மின்னணுக் கருவித் தொகுதிகளுடன் வழங்கிய செய்முறை நூலாகும். உதிரிப் பாகங்களை வாங்கியவரே பொருத்த வேண்டியிருந்ததால், கருவி இயங்குமா இல்லையா என்பது பெரும்பாலும் கையேட்டின் அமைப்பைப் பொறுத்திருந்தது. அமெச்சூர் வானொலித் தொகுதிகளுக்கான விளக்கங்களுக்கு இது நெடுங்காலம் முன்மாதிரியாக விளங்கியது.

பின்னணி

1915 முதல் வெளிவரும் கியூஎஸ்டி போன்ற இதழ்கள், மின்சுற்று வரைபடம், ஒளிப்படம், பாகங்களின் பட்டியல் ஆகியவற்றுடன் கருவி அமைக்கும் முறைகளை வெளியிட்டன. மின்சுற்று வரைபடம் எது எதனுடன் இணைகிறது என்பதைக் காட்டும். ஆனால் எந்தப் பாகம் எங்கே அமர வேண்டும், எந்தக் கம்பியை முதலில் இணைக்க வேண்டும் என்பவற்றைக் காட்டாது. பழகியவர்களுக்கு அது போதுமானது; புதியவர்கள் தடுமாறினர்.

ஹீத் நிறுவனம் தொடக்கத்தில் சிறு வானூர்தித் தொகுதிகளை விற்றது. 1935இல் அதை ஹோவர்ட் ஆண்டனி வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய இராணுவ உதிரிப் பாகங்களைக் கொண்டு, 1947இல் 50 டாலருக்கும் குறைந்த விலையில் ஓர் அலைகாட்டித் தொகுதியை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் அமெச்சூர் வானொலி அலைபரப்பிகளும் வாங்கிகளும் வந்தன. மின்னணுவியல் அறியாதவர்களும் இவற்றை வாங்கியதால், அவர்களுக்கேற்ற விளக்கம் தேவைப்பட்டது.

கையேட்டின் அமைப்பு

வேலை சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு படியின் முன்னும், முடித்ததும் குறியிடுவதற்கு வெற்று அடைப்புக்குறி இருந்தது. பாகங்களின் இடத்தைக் காட்டும் பெரிய மடிப்புப் படங்களும் இடம்பெற்றன.

சால்டரிங் குறியீடு இதன் சிறப்பாகும். ஒரே முனையில் பல கம்பிகள் சேரும்போது, முன்கூட்டியே சால்டர் வைத்தால் அடுத்த கம்பியை நுழைப்பது கடினம். அதனால் 'என்எஸ்' என்பது இப்போது சால்டர் வேண்டாம் என்றும், 'எஸ்-2' என்பது இரண்டு கம்பிகளுடன் சால்டர் வைக்கவும் என்றும் பொருள்பட்டன. முனையில் ஒரே கம்பி இருந்தால், ஏதோ ஒரு படி விடுபட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். இவ்வாறு கையேடே பிழையையும் கண்டுபிடித்துக் கொடுத்தது.

புதிய தொகுதி விற்பனைக்கு வருமுன், பணியாளர்களே கையேட்டைப் பின்பற்றி அதைச் செய்துபார்த்தனர். அவர்கள் குழம்பிய இடங்கள் திருத்தப்பட்டன.

குறைகள்

படிகளை மட்டும் பின்பற்றுபவர் கருவியைச் செய்து முடித்தாலும், அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் போகலாம். இதை ஈடுசெய்யக் கையேட்டின் பிற்பகுதியில் மின்சுற்று விளக்கம், மின்னழுத்த அளவுகள், பழுது கண்டறியும் அட்டவணை ஆகியவை சேர்க்கப்பட்டன. விரிவான படங்களால் அச்சுச் செலவும் கூடியது.

பிற்காலம்

ஒருங்கிணைந்த சுற்றுகளின் வளர்ச்சியால், ஆலையில் தயாரான கருவிகளின் விலை குறைந்தது. 1992இல் ஹீத் நிறுவனம் தொகுதி விற்பனையைக் கைவிட்டது. 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கிய எலெக்ராஃப்ட் நிறுவனம், படிப்படியான விளக்கமுறையைத் தன் கே2 தொகுதியில் தொடர்ந்தது. அதன் கையேடு பிடிஎஃப் கோப்பாகவும் கிடைத்தது. கோப்பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பிழைகளை எளிதில் திருத்தலாம். ஆயினும் முடித்த படிகளைக் குறிக்க, மேசைமேல் விரித்து வைக்கும் தாள் இன்றும் பயன்படுகிறது.