இல்லத்தைத் தொட்ட கம்பி: சப்ரகமுவவில் நிலத்தடிப் பொருளின் இருப்பிடம் கண்ட முறைகளின் வரலாறு

இரத்தினபுரி மாவட்டத்தில் மாணிக்கக்கல் தேடி ஒரு வயலிலோ தோட்டத்துப் பள்ளத்திலோ இறங்குபவர்கள் இன்றும் முதலில் கையிலெடுப்பது ஓர் உருக்குக் கம்பியைத்தான். மெட்டல் டிடெக்டர் சந்தைக்கு வந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகிறது. மின்தடை அளவீடும் நிலத்தடி ராடாரும் வந்து சேர்ந்துவிட்டன. கம்பி மட்டும் போகவில்லை. இதைப் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இம்மாவட்டம் அடங்கிய இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் இதுவரை பயன்பட்ட கருவிகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படுகிறது. புதிய கருவிகள் பெரும்பாலும் தேடிய பொருளைக் காட்டவில்லை. அதனோடு கலந்து கிடந்த வேறொன்றையே காட்டின.

தேடப்படுவது தனிக்கல் அல்ல, கல் கிடக்கக்கூடிய சரளைப் படை. இதைச் சிங்களத்திலும் இப்பகுதித் தமிழர் பேச்சிலும் இல்லம் என்பார்கள். மலைச்சரிவுகளிலிருந்து ஆறுகள் அடித்துவந்து படியவைத்த குவார்ட்ஸ் கூழாங்கற்கள், களி, மணல் ஆகியவற்றோடு நீலம், புஷ்பராகம், வைடூரியம், ஸ்பினெல், சேர்க்கோன், கார்னெட் ஆகிய பாரமான கனியங்கள் அதில் தங்கியிருக்கும். சில இடங்களில் அது சில அடி ஆழத்திலும், சில இடங்களில் ஐம்பது அடிக்குக் கீழும் இருக்கும். இடையில் களிப் படைகள் வரும். கல்லில்லாத பொய்ச்சரளையும் வரும்.

இல்லங் கூர எனப்படும் கம்பி மெல்லியது, ஆளுயரத்தைத் தாண்டியது. அதை மண்ணில் செங்குத்தாக அழுத்திச் செலுத்துவார்கள். களியில் அது ஓசையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். மணலில் ஒரே சீராக உரசும். சரளையைத் தொட்டதும் நறநறவென்ற ஒலி கம்பி வழியே மேலே வரும், உள்ளங்கையிலும் அதிர்வு தெரியும். பிறகு கம்பியை உருவி நுனியைப் பார்ப்பார்கள். அதில் புதிதாக விழுந்த கீறல்களும் ஒட்டிவந்த துகள்களும் கீழே கிடப்பது வெறும் மணலா, குவார்ட்ஸ் சரளையா என்பதைச் சொல்லும். கம்பி எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியது என்பதிலிருந்து ஆழக் கணக்கும் கிடைத்துவிடும். ஒரே வயலில் பல இடங்களில் குத்தி, இல்லம் எந்தப் பக்கம் தடிக்கிறது, எங்கே மெலிந்து முடிகிறது என்று மனதிலேயே வரைபடம் போட்டபிறகுதான் குழிக்கு இடம் குறிப்பார்கள். தவறான இடத்தில் குழி இறக்கினால் வாரக்கணக்கான உழைப்பும், சுவரைத் தாங்க அடுக்கும் மரமும் கெகில்ல என்ற பன்னத்தின் இலையும், நீரிறைக்கும் செலவும் வீண். துல்லியம் இங்கே பணக்கணக்கு.

இந்தக் கைவினை அறிவுக்குப் பக்கத்தில் அறிவியல் அளவை வந்து நின்றது 1903இல். கொழும்பில் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி அவ்வாண்டில் இலங்கைக் கனிய அளவையின் முதல் பணிப்பாளரானார். கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவர் அப்போது நிலவியலாளர். சப்ரகமுவ மாணிக்கச் சரளையை அரித்தபோது கறுப்பு நிறமான, கனம் மிகுந்த சிறு கனசதுரங்கள் அரிகூடையின் அடியில் தங்குவது கவனத்துக்கு வந்தது. 1904இல் அது தோரியானைற் என்ற புதிய கனியமாக அறிவிக்கப்பட்டது. தோரியம் ஒட்சைட்டே அதன் பெரும்பகுதி. கதிரியக்கம் என்ற துறையே அப்போது கைக்குழந்தை. இலங்கையிலிருந்து இலண்டனுக்குப் போன தோரியானைற்றிலிருந்து 1905இல் ஒட்டோ ஹான், வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ரேடியோதோரியத்தைப் பிரித்தெடுத்தார். கல் அரிப்பவர்களுக்கு விலைபோகாத கறுப்புத் துணுக்கு, அணுக்கரு வேதியியலின் தொடக்க அத்தியாயத்தில் இடம்பிடித்தது இப்படித்தான்.

நமது விடயத்துக்கு இதில் ஒரு முக்கியக் குறிப்பு உண்டு. இல்லத்தில் கிடக்கும் பொருள்களில் தன் இருப்பைக் கருவிக்குத் தானாகவே அறிவிப்பவை இத்தகைய கதிரியக்கக் கனியங்கள் மட்டுமே. 1950களில் இரத்தினபுரி மாவட்டச் சரளையில் எப். எல். டி. ஏகநாயக்க கண்டெடுத்த பச்சைக் கல்லும் கதிரியக்கமுடையது. அவர் பெயராலேயே அது ஏகனைற் ஆயிற்று. நீலக்கல்லோ இத்தகைய எந்த அறிவிப்பும் செய்யாது.

மெட்டல் டிடெக்டர் இங்கே தோற்பதற்கான காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு தங்கிய இடத்தைத் தேட அலெக்சாந்தர் கிரகாம் பெல் தூண்டல் சுருளொன்றைக் கொண்டுவந்தார். கட்டிலின் உருக்குச் சுருள்கள் குழப்பிவிட்டன. மருத்துவர்கள் தேடச்சொன்ன பக்கமும் தவறாக இருந்தது. 1930களில் கெர்ஹார்ட் ஃபிஷர் அதைக் கையில் எடுத்துச் செல்லும் வணிகக் கருவியாக்கினார். போலந்து அதிகாரி யோசெஃப் கொசாக்கி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி 1942இல் எல் அலமெய்ன் களத்தில் பயன்பட்டது. தத்துவம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். சுருளில் மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் கடத்தியில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது; அந்த ஓட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி கேட்கிறது. பொருளுக்கு நேர்மேலே ஒலி உச்சமடையும். ஒருமுறை கிழக்கு மேற்காகவும் மறுமுறை வடக்கு தெற்காகவும் வீசி, இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியைக் குறித்தால் இலக்கின் மையம் கிடைக்கும். பெரிய சுருள் ஆழமாகக் கேட்கும், ஆனால் மையத்தை மங்கலாக்கும். சிறிய சுருளுக்குத் துல்லியம் உண்டு, ஆழம் இல்லை.

நீலக்கல் அலுமினிய ஒட்சைட்டு. அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் அலுமினியமே. ஆயினும் அந்த அலுமினியம் ஒட்சிசனோடு இறுகப் பிணைந்திருப்பதால் மின்னைக் கடத்தாது. கோழிமுட்டையளவு நீலக்கல்லின் மேல் சுருளை வைத்தாலும் கருவி வாய் திறக்காது. அதேவேளை சப்ரகமுவவின் செந்நிற மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டுகளும், சரளையோடு கிடக்கும் மக்னற்றைற்றும் கருவியைச் சலசலக்க வைக்கும். தேடும் கல் மௌனம் காக்க, தேடாத மண் பேசுகிறது.

பலாங்கொடைப் பக்கம் போனால் இந்தச் சலசலப்புக்கு வரலாற்றுக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக நிலம் மூழ்குமுன் நடந்த தொல்லியல் ஆய்வில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய இரும்புருக்கு உலைகளின் எச்சங்களை கில் ஜூலெஃப் அடையாளம் கண்டார். 1996இல் நேச்சர் இதழில் வெளிவந்த அந்த ஆய்வு உலகக் கவனம் பெற்றது. மேற்கு நோக்கிய சரிவுகளில் இரும்புக் கசடு சிதறிக் கிடக்கும் அந்த நிலத்தில் புதையல் தேடிக் கருவியோடு நுழைபவருக்குக் கேட்பது பெரும்பாலும் பழைய கொல்லனின் கழிவாகத்தான் இருக்கும். தொல்பொருட்களைக் காக்க 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருந்தும், ஸ்கேனர் இயந்திரத்தோடு பிடிபட்டவர்களின் செய்திகள் பத்திரிகைகளில் ஓய்வதில்லை.

மாகாணத்தின் மற்ற மாவட்டமான கேகாலைக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. அங்கே போகலச் சுரங்கத்தில் எடுக்கப்படும் காரீயம் (கிராபைட்) தூய காபன். பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடும். மின்னை நன்றாகக் கடத்தும். தூண்டல் முறைக்கு இதைவிட ஏற்ற கனியம் இந்த மாகாணத்தில் இல்லை எனலாம். முதலாம் உலகப்போரின்போது இலங்கைக் காரீயத்துக்குக் கிராக்கி உச்சத்திலிருந்த காலத்தில்கூட, மேற்பரப்பில் தென்பட்ட கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து தோண்டிய குழிகளே மிகுதி. போகல பின்னர் பல நூறு மீற்றர் ஆழம் சென்றது; மட்டங்களை இன்றும் பாகக் (fathom) கணக்கில்தான் அழைக்கிறார்கள். மின் முறைகள் அங்கே தேடிய பொருளையே நேரடியாகக் காட்டவல்லவை. இரத்தினபுரிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மாணிக்கத் தொழிலுக்கென 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1993இல் அதன் இடத்துக்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை வந்தது. அதே 1993இல் சி. பி. திசாநாயக்கவும் எம். எஸ். ருபசிங்கவும் பாறை வகை, ஆற்றுப் படிவு, சரிவு ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, மாணிக்கம் கிடைக்கக்கூடிய நிலங்களின் வழிகாட்டி வரைபடத்தை வெளியிட்டார்கள். எந்தப் பள்ளத்தாக்கு என்ற கேள்விக்கு அது நல்ல விடை. எந்த வயலில், எத்தனை அடியில் என்பதற்கு அல்ல. மின்தடை அளவீடு களிக்கும் சரளைக்கும் வேறுபாடு காட்டும். ஆனால் சரளையில் கல் உண்டா என்று சொல்லாது. நிலத்தடி ராடாரின் அலையை ஈரக்களி விழுங்கிவிடும். ஆண்டு முழுதும் மழை காணும் இரத்தினபுரியில் ஈரக்களிக்குப் பஞ்சமில்லை.

இம்மாகாணத் தோட்டத் தமிழர்களிற் பலர் மெட்டல் டிடெக்டரை அருகிருந்து பார்த்தது சொந்த மண்ணில் அல்ல. 1977, 1981, 1983 தமிழர் விரோத வன்முறைகளில் அடிபட்டு இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைவிட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள், பின்னாளில் கண்ணிவெடி புதைக்கப்பட்ட காணிகளுக்கு நடுவே வாழ நேர்ந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் விரிவடைந்த வெடியகற்றலில், மேற்சொன்ன குறுக்குவீச்சு முறை உயிர்ப்பிரச்சினையானது. பிளாஸ்ரிக் உறையுள்ள மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். நாலு பக்கமிருந்தும் நெருங்கி ஒலி தொடங்கும் விளிம்புகளைக் குறித்து, அவற்றின் நடுவை மையமாகக் கொள்வார்கள். அதோடு வேலை முடிவதில்லை. பிறகு ஒரு கோலைத் தாழ்ந்த சரிவில் பக்கவாட்டாக மண்ணுக்குள் செலுத்தி, பொருளின் பக்கத்தைத் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். மணற்பாங்கான நிலங்களில் வாரிகளால் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுக்கும் முறையும் வன்னியில் வளர்ந்தது. கருவி இடத்தைச் சுருக்கியது. கடைசி உறுதியைக் கம்பியே கொடுத்தது.

சப்ரகமுவவில் கம்பியின் இடத்தைப் பறிக்க வந்தது எந்தத் தேடுகருவியும் அல்ல, பெக்கோ எனப்படும் மண்ணகழ் இயந்திரம்தான். ஒரு வயலை முழுவதும் கிளறிப் போட முடியுமென்றால் துல்லியம் எதற்கு? மண்சரிவு அபாயம் மிகுந்த மாவட்டத்தில், இந்த அலட்சியத்தின் விலை ஆற்றங்கரைகளிலும் சரிவுகளிலும் தெரிகிறது. கையால் குழி இறக்குபவர்களோ இன்னும் கம்பியைத்தான் நம்புகிறார்கள்.

தோட்ட நிலத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. 1975இல் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றபோதும் நிலம் அரசுடையதாகவே இருந்தது. அகழ்வு அனுமதிக்கு நில உரிமையோ உரிமையாளரின் சம்மதமோ வேண்டும். நில உரிமையாளருக்குப் பங்கும் உண்டு. லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து, எந்த ஓடையோரம் சரளை மேலே வருகிறது என்று அறிந்த தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. கம்பி சரியான இடத்தில் இறங்கினாலும் அந்தக் குழி அவர் பெயரில் பதிவாவதில்லை.