முறிந்த பேச்சும் பிந்திய நீதியும்

அரசு ஆள்வது மட்டுமன்று. ஊதியம் வழங்கும் முதலாளியாகவும் விளங்குகிறது. தன் ஊழியரோடு பிணக்கு எழும்போது அதுவே வழக்காளி, அதுவே நடுவர், அதுவே காவலர். இம்மூன்றையும் ஒரு கையில் ஏந்தியிருப்போர்க்கு எத்துணை நிதானம் வேண்டும் என்பதற்கு 1974ஆம் ஆண்டின் இரயில்வே வேலைநிறுத்தம் நிலையான சான்றாகும்.

அதன் வேர் 1957இல் உள்ளது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு, குடும்பத்தின் உணவு, உடை, உறையுள் ஆகியவற்றைக் கணக்கிட்டே குறைந்தபட்ச ஊதியம் வகுக்கப்பட வேண்டும் என்று ஏற்றது. ஆனால் அரசு தன் சொந்த ஊழியர்க்கு அவ்வளவுகோலை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. 1973இல் மூன்றாம் ஊதியக்குழு மாதம் ரூ.185 எனப் பரிந்துரைத்தது, அரசு ரூ.196 ஆக்கியது. விலைவாசியோ விரைந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளர்க்குக் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் கிடைக்க, இரயில்வே ஊழியர்க்கு அதுவும் இல்லை.

எஞ்சின் ஓட்டுநர்களின் குறை இன்னும் ஆழமானது. வண்டியின் பயணம் முடியும்வரை பணியும் முடியாது என்பது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். நிலக்கரிக்கும் நீருக்கும் அடிக்கடி நிற்க வேண்டிய நீராவி எஞ்சின் போய், நில்லாது ஓடும் டீசல் எஞ்சின் வந்தபோது அவர்களது ஓய்வு மேலும் சுருங்கியது. 1973 ஆகஸ்டில் அவர்கள் போராடி, பத்து மணிநேரப் பணி என்ற வாக்குறுதியைப் பெற்றனர். அது செயலுக்கு வரத் தாமதமாயிற்று.

இந்நிலையில் இரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தின் தலைமையை ஏற்றவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூர் குருமடத்தில் பயின்று, இடையில் வெளியேறியவர். அங்கே பெரியவர்களுக்கு ஓர் உணவும் மாணவர்க்கு வேறோர் உணவும் பரிமாறப்பட்டது தம்மை வருத்தியதாக அவரே கூறியதுண்டு. இது நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, 1974 மே 2 அன்று அவர் கைது செய்யப்பட்டார். மே 8 அன்று ஏறத்தாழ 17 இலட்சம் தொழிலாளர் பங்கேற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர், பலர் விசாரணையின்றிப் பணிநீக்கம் பெற்றனர். குடியிருப்புகளிலிருந்து பெண்களும் குழந்தைகளும் வெளியேற்றப்பட்டனர். இருபதாம் நாளில் போராட்டம் நிபந்தனையின்றிக் கைவிடப்பட்டது.

அரசு வென்றதாகவே தோன்றியது. ஆனால் 1977இல் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டோர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டனர். 1979-80 முதல் உற்பத்தித்திறன் சார்ந்த போனஸும் வந்தது. மேசையருகே அமர்ந்து பேசியிருந்தால் எட்டியிருக்கக்கூடிய ஒன்றுக்கு, எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்து விலை கொடுத்தன.

அந்த வேலைநிறுத்தத்தில் அரசியல் நோக்கம் கலந்திருந்தது என்று அன்றைய அரசு குற்றஞ்சாட்டியது. திருச்சபையும் இவ்வாபத்தை அறியாததன்று. இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், வேலைநிறுத்தத்தை முறையான உரிமையாக ஏற்கிறது. அதே வேளை, அது இறுதி வழியாகவே இருக்க வேண்டும், அரசியல் சூதாட்டமாகக் கூடாது, மக்களின் இன்றியமையாப் பணிகள் தடைபடலாகாது என்றும் எச்சரிக்கிறது. எனினும் தொழிலாளியின் கடமையை நினைவூட்டுவோர் முதலாளியின் கடமையை மறத்தல் முறையாகாது. உழைப்பவனின் ஊதியம் அவனது வாழ்வைத் தாங்கப் போதியதாக இருத்தல் வேண்டும். எந்த உடன்படிக்கையினும் மூத்த இயற்கை நீதி அது என்று பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே உரைத்தார்.

2025இல் எட்டாம் ஊதியக்குழு அமைக்கப்பட்டது. ஆயினும் நிலையங்களையும் பெட்டிகளையும் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் அதன் வரம்புக்குள் வரமாட்டார். 1974இல் மேசை முறிந்தது. இவர்களுக்கோ மேசையே இடப்படவில்லை. திராட்சைத் தோட்ட உரிமையாளர் தாமே சந்தைவெளிக்குச் சென்று வேலையாள்களோடு பேசினார். கடைசியாக வந்தவரையும் மறவாது கூலி அளித்தார். அவ்வுவமையை ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கும் நாம், நம் பங்கிலும் பள்ளியிலும் பெருக்கித் துடைப்போரின் கூலியை யார், யாரோடு பேசித் தீர்மானித்தார் என்று கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.