அகராதி பிடித்த விளையாட்டு

ஆங்கிலம் பேசும் வீடுகளில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. தடித்த அகராதி ஒன்று, ஆளுக்கொரு துண்டுத்தாள், பென்சில் - இவ்வளவுதான் தேவை. ஒருவர் அகராதியைப் புரட்டி, கூடியிருப்பவர் யாருக்கும் தெரியாத சொல்லொன்றைப் பொறுக்குவார். மற்றவர்கள் அதற்குப் பொய்ப்பொருள் எழுதித் தருவார்கள். உண்மைப் பொருளையும் கலந்து அவர் வாசிப்பார். எது நிஜம் என்று ஊகிக்க வேண்டும். நம் பொய்யை எத்தனை பேர் நம்பினார்களோ அத்தனை புள்ளி. 1965இல் பிபிசி இந்த ஏமாற்றை 'கால் மை ப்ளஃப்' என்று தொலைக்காட்சி நிகழ்ச்சியாக்கியது. 1984இல் கனடாவில் 'பால்டர்டாஷ்' என்று பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள்.

சும்மா பொழுதுபோக்குதானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஜெயிப்பது யாரென்று பாருங்கள். சொல்லறிவு மிக்கவரல்லர், அந்தச் சொல்தான் யாருக்கும் தெரியாதே. அகராதி மாதிரியே பேசத் தெரிந்தவர்தான் ஜெயிக்கிறார். சுருக்கமான ஒரு வரி, 'வழக்கொழிந்தது' என்றொரு குறிப்பு, 'மாலுமிகள் வழக்கு' என்று இன்னொன்று - முடிந்தது கதை. பல நேரங்களில் நிஜமான பொருள்தான் எல்லாவற்றிலும் கோமாளித்தனமாக ஒலிக்கும். அதற்கு ஒரு ஓட்டும் விழாது. அர்த்தத்தின் அதிகாரம் அர்த்தத்தில் இல்லை, குரலில் இருக்கிறது என்பதைத்தான் விளையாட்டு அம்பலமாக்குகிறது.

அகராதிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் ஓட்ஸ் தானியத்துக்குப் பொருள் எழுதும் சாக்கில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் குத்தினார். இங்கிலாந்தில் குதிரை தின்பதை அங்கே மனிதர் தின்கிறார்களாம். அவருக்கு எழுத்துவேலை செய்து தந்த ஆறு பேரில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள். வீட்டில் சொன்னால் வெறும் நக்கல். அகராதியில் ஏறினால் அது 'பொருள்'.

இன்னொன்று, தற்செயல். 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டோர்ட்' என்று ஒரு சொல் இருந்தது; பொருள், அடர்த்தி. உண்மையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்திக்குச் சுருக்கக்குறி 'பெரிய டி அல்லது சின்ன டி' என்று எழுதியனுப்பிய சீட்டை, ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். உச்சரிப்பும் போட்டு அச்சேற்றினார்கள். வேர்ச்சொல் விளக்கம் இல்லையே என்று 1939இல்தான் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. 1947இல் நீக்கினார்கள்.

மூன்றாவது, வேண்டுமென்றே செய்தது. 2001இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில், காப்பியடிப்பவர்களைப் பிடிக்க 'எஸ்க்விவேலியன்ஸ்' என்ற பொய்ச்சொல்லை ஒளித்துவைத்தார்கள். உத்தியோகக் கடமையைத் தட்டிக்கழிப்பது என்று அதற்குப் பொருள். 2005இல் விஷயம் வெளியே வந்தது. துண்டுத்தாளில் நடந்த அதே விளையாட்டுதான். வித்தியாசம், இங்கே வாசகருக்கு விளையாட்டு நடப்பதே தெரியாது.

'டிக்‌ஷனரியில போட்டிருக்கே' என்ற ஒரு வாக்கியத்தில் வாயடைத்து நின்றவர்கள் நாம். அந்த ஆங்கிலத்தின் முன் நாம் கூனிக் குறுகியது அறிவின் முன்னாலா, குரலின் முன்னாலா? அகராதியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். சொற்களைத் தேடித் திரட்டிய உழைப்பு பெரிது. ஆனால் அதை எழுதியவர்களும் துண்டுத்தாளோடு உட்கார்ந்த மனிதர்கள்தாம். திமிர் பிடித்தவனை 'அகராதி புடிச்சவன்' என்கிறது நம் பேச்சுவழக்கு. புத்தகத்துக்கும் திமிருக்கும் ஒரே பெயர் வைத்த அந்த வாய்க்கு, இந்த விளையாட்டைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.